முதல் அச்சு சாஸ்தாவுக்கு

அந்தப் பையைக் காலால் தள்ளாதீங்க அக்கா, சுண்டுவிரலில் அடிபட்டுவிடும். உள்ளே கல் இருக்கிறது. தரையில் பதிக்கிற பூக்கல், ரெண்டு. ஒன்று எங்க அப்பா செய்தது. இன்னொன்று அதைப் பார்த்து ஆவுடையப்பன் என்கிறவர் செய்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதுன்னு எங்க அப்பாவுக்கே குழம்பும் என்பதால் பின்பக்கம் சாக்பீசில் எழுதி வைத்திருக்கிறோம். கோர்ட் வாசலில் பையைச் சோதனை போட்ட போலீஸ்காரர், "என்னம்மா, இங்கயே வீடு கட்டிக் குடி வரப் போறியா?" என்றார். நாலு தடவை வந்துவிட்டோம், நாலு தடவையும் இதே ஜோக். முதல் தடவை சிரித்தேன். இந்தத் தடவை அவர் வாயைத் திறக்கும் முன்னால் அவர் குரலிலேயே நான் சொல்லிவிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

உட்காருங்க. உங்களுக்கு எத்தனாவது நம்பர்? அறுபத்தொன்றா? அப்படியானால் இன்றைக்கு வராது, ஊருக்குப் போங்க. எங்களுக்கு முப்பத்தெட்டு. நீதிபதி சாப்பாட்டுக்கு எழுந்திரிக்கும்போது அந்தப் பலகையில் முப்பத்தேழு ஓடிக்கொண்டிருந்தது. ரெண்டேகாலுக்கு வந்து உட்கார்ந்ததும் நாங்கள்தான் என்கிறார் வக்கீல். போன தடவையும் அப்படித்தான் சொன்னார். அதற்கு முந்தின தடவை சொன்னதையும் வேண்டுமானால் சொல்லிக்காட்டுகிறேன். பேனாவை டிக் டிக் என்று அமுக்கிக்கொண்டு, "ஒரே ஒரு விஷயம் கோமதிநாயகம் சார், ஒரே ஒரு விஷயம்." அப்புறம் எட்டு விஷயம் சொல்வார்.

கோமதிநாயகம் எங்க அப்பா. அதோ, தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறாரே, அவர்தான். தூங்கவில்லை. கேஸ் ஆரம்பித்ததிலிருந்து இப்படித்தான் கண்ணை மூடிக்கொள்கிறார்.

ஊர் திருநெல்வேலிப் பக்கம், ஆலங்குளம் தாண்டி. பேச்சில் தெரியவில்லையா? தெரியாது. உங்களிடம் நான் பேசுவது டிவியில் செய்தி வாசிக்கிறவர்களின் தமிழ். எங்க ஊர்த் தமிழில் ஆரம்பித்தால் மெட்ராஸ்காரர்கள் "என்னது, என்னது" என்று கேட்டே ஆளைக் களைக்க வைத்துவிடுகிறார்கள். எனக்கு எந்தக் குரலும் வரும் அக்கா. பேர் பேச்சியம்மாள். சிரிக்காதீங்க, அது எங்க கோயிலில் இருக்கிற அம்மன் பேர். ஒன்பதாம் வகுப்பில் ஒரு தடவை, கண்டக்டர் டீ குடிக்க இறங்கின நேரத்தில் அவர் குரலில் "போலாம் ரைட்" என்று சொன்னேன். பஸ் பூலாங்குளம் விலக்கு வரைக்கும் போய்விட்டது. கண்டக்டர் பின்னாலேயே ஒரு மீன் வண்டியில் வந்தார். இப்போது நினைத்தாலும் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். வலிக்கணும். இன்றைக்கு வலிக்கவில்லை, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

நான் எதற்கு வந்தேனா? அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. உள்ளே அவர்கள் பேசுவதை வெளியே வந்து நான்தான் அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். யார் என்ன சொன்னார் என்று அந்தந்தக் குரலில் சொன்னால்தான் அப்பாவுக்கு விளங்கும். நாளைக்கு எனக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட். போகட்டும்.

கேஸ் இதுதான். எங்க ஊரில் எல்லாரும் பேட்டண்ட் கேஸ் என்பார்கள். "கோமதி கல்லுக்கு பேட்டண்டு வாங்கிருக்கான்லா" என்று. வக்கீலுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே ஆகாது. "பேட்டண்ட் இல்ல சார், டிசைன், டிசைன்" என்று பேனாவை அமுக்குவார். ஒரு உருவத்தை முதலில் செய்தவர் கொல்கத்தாவில் பதிந்து வைத்துக்கொண்டால் பத்து வருசத்துக்கு வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது. அவ்வளவுதான்.

அப்பா செய்தது நுங்கு டிசைன். ஒரு கல்லுக்குள் மூன்று கண், நுங்கை வெட்டினால் தெரியுமே, அந்த மாதிரி. ஆனால் நடுவில் இல்லாமல் ஒரு மூலையைப் பார்த்து ஒதுங்கி இருக்கும். சும்மா அழகுக்கு இல்லை அக்கா. பூக்கல்லில் பெரிய தொல்லை கொத்தனார்தான். நாலு கல்லைச் சேர்த்தால் ஒரு பூ வர வேண்டும். அவர் ஒரு கல்லைத் திருப்பி வைத்துவிடுவார். வீட்டுக்காரர் பால் காய்ச்சுகிற அன்றைக்குத்தான் பார்ப்பார். போன் எங்களுக்கு வரும். அப்பா ரெண்டு வருசம் தாளில் போட்டுப் போட்டுப் பார்த்து, எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் சேருகிற மாதிரி ஒன்று கண்டுபிடித்தார். எப்படி வைத்தாலும் தப்பே வராது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி சேரும், ஆனால் சேரும். பித்தளைத் தகட்டை வளைத்து அச்சு செய்ய தூத்துக்குடியிலிருந்து ஆள் வந்தார். அப்பா அந்த அச்சைத் துடைக்கிற மாதிரி என்னைக்கூடக் குளிப்பாட்டியிருக்க மாட்டார்.

இங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. எங்க பக்கத்தில் கல் போடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புது அச்சு வந்தால் அதில் முதலில் அடிக்கிற கல்லை விற்கக் கூடாது. முதல் அச்சு சாமிக்கு. அவரவர் குலதெய்வத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. ஆவுடையப்பனும் அப்படித்தான் செய்வார், யாரும் அதை மீற மாட்டார்கள். அப்பா தை மாதம் முதல் அச்சில் எண்பது கல் அடித்து, ஆற வைத்து, எங்க சாஸ்தா கோயில் முன்மண்டபத்தில் பதித்தார். பதித்துவிட்டு மாசியில் கொல்கத்தாவுக்கு மனு அனுப்பினார்.

தப்பு என்னவென்று தெரிகிறதா அக்கா? எனக்கும் தெரியவில்லை. மனு கொடுப்பதற்கு முந்தி அந்த டிசைனை எங்கேயும் வெளியில் காட்டியிருக்கக் கூடாதாம். காட்டியிருந்தால் பதிந்ததே செல்லாதாம். வக்கீல் முதல் தடவை இதைச் சொன்னபோது அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "சாமிக்குக் குடுத்தது எப்படி சார் வெளிய காட்டுனதாவும்?"

"மனுவை முதல்ல குடுத்துட்டு, அப்புறம் கோயிலுக்குக் குடுத்திருக்கலாமே?"

"சாமிக்கு முன்னாடி சர்க்காருக்கா?"

வக்கீல் பேனாவை அமுக்குவதை நிறுத்திவிட்டார். அந்த ஒரு தடவைதான் நிறுத்தினார்.

ஆனால் கேளுங்க, எங்க சாஸ்தா கோயில் உங்க ஊர்க் கோயில் மாதிரி இல்லை. குளத்துக்கரையில், பனைக்குள்ளே இருக்கிறது. அந்தச் சாஸ்தாவைக் கும்பிடுகிற குடும்பங்கள் மட்டும் பங்குனி உத்திரத்துக்கு வருவார்கள், பொங்கல் வைப்பார்கள், போய்விடுவார்கள். மற்ற நாளில் பூசாரியும் ஆடும்தான். ஆவுடையப்பனுக்கு வேறு சாஸ்தா, மலையடிவாரத்தில். அவர் எங்க கோயிலில் கால் வைத்ததே இல்லை. அங்கே என்ன கல் கிடக்கிறது, எந்த மாதம் போட்டது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. கல்வெட்டும் வைக்கவில்லை. அப்பாவுக்குப் பேர் போடுகிற பழக்கம் கிடையாது.

ஆனாலும் தெரிந்துவிட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

பதிந்த தாள் வந்து ஏழெட்டு மாதத்தில் ஆவுடையப்பன் அதே நுங்கை அடித்துத் தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போட்டார். அவரும் அப்பாவும் ஒரு காலத்தில் ஒரே கல் கம்பெனியில், கல் அழுத்துகிற பிரஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். அப்பா நோட்டீஸ் அனுப்பினார். அவர் சும்மா இருப்பாரா? மூக்கால் பேசுவார் அக்கா, சளி பிடித்த நாதஸ்வரம் மாதிரி: "என்ன நான் சொல்லுதது, நுங்கு என்ன கோமதி வீட்டுச் சொத்தா? பனையப் போய்க் கேளு." பதிந்ததை ரத்து செய்யச் சொல்லி அவரும் ஒரு மனு போட்டார். அதோடு ஒரு ஆடியோவும் கொடுத்தார்.

அந்த ஆடியோ ஒரு போன் கால். பங்குனி உத்திரத்தன்றைக்கு அவருக்கு வந்தது. அவர் போனில் எல்லாக் காலும் தானாகப் பதிந்துகொள்ளுமாம். வியாபாரி இல்லையா. கூப்பிட்ட நம்பர் எங்க கோயில் பூசாரியுடையது. குரலும் பூசாரி குரல்.

பூசாரி யார் என்றால் எங்க கொம்பையா மாமா. அப்பாவுடைய அக்காவைக் கட்டினவர். அதோ, அந்தக் கடைசி பெஞ்சில், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். ஆமாம், நாங்கள் ஒரே ஊர். ஒரே ரயிலில்தான் வந்தோம். அவர் எஸ் நாலு, நாங்கள் எஸ் ஒன்பது.

கொல்கத்தாவில் அந்த ஆடியோவைக் கேட்டு, பூசாரியே சொல்கிறாரே என்று அப்பாவுடைய பதிவை ரத்து செய்துவிட்டார்கள். அதை எதிர்த்துத்தான் இந்த அப்பீல். இதில் தோற்றால் நுங்கை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். அப்பா அச்சை எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி பீரோவுக்கு மேலே வைத்துவிட்டார். கேஸ் முடிகிற வரைக்கும் அதில் ஒரு கல்லும் அடிப்பதில்லை என்று.

அந்த ஆடியோவை வக்கீல் அனுப்பியதும் அப்பா மாமாவை வீட்டுக்குக் கூப்பிட்டு நடுவில் போனை வைத்துப் போட்டுக்காட்டினார். நானும் இருந்தேன். அடுக்களை நிலையில் சாய்ந்து தோசை தின்றுகொண்டிருந்தேன். முழுசாக ஒரு நிமிசம் நாற்பது செகண்ட்.

கேட்கிறீங்களா? எனக்கு மனப்பாடம். மாமா குரல் எப்படி என்றால், தொண்டையில் மணல் போட்டு அரைத்த மாதிரி. மூக்குப்பொடி போடுவார். ரெண்டு வரிக்கு ஒரு உறிஞ்சல். மூன்று வரிக்கு ஒரு "பாத்துக்கிடும்".

"ஏ, ஆவுடையப்ப அண்ணாச்சியா? நான் சாஸ்தா கோயில் பூசாரி கொம்பையா பேசுதேன். உத்திரமும் அதுவுமா ஒம்ம நெனப்பு வந்துது, பாத்துக்கிடும். எங்க கோமதி, தை மாசமே நுங்கு டிசைன்ல முன்மண்டபம் பூரா தர போட்டுக் குடுத்துட்டான். அம்புட்டும் புது அச்சு. எவனும் பாத்திருக்க மாட்டான். சாமி காலு வச்சா வழுக்காது. நீரு ஒம்ம கோயிலுக்கு ஃபேன் குடுத்தீராமே? றெக்கைல பேரு எழுதிருக்காம்லா? சுத்துத ஃபேன்ல எவன்வே படிக்கது? நிறுத்துனா காத்து வராது, சுத்துனா பேரு தெரியாது. நல்லா யோசிச்சுக் குடுத்திருக்கீரு, பாத்துக்கிடும்!"

நல்லா இருக்குல்ல அக்கா? நீங்க சிரிக்கிறீங்க. ஆவுடையப்பனும் கடைசியில் லேசாகச் சிரித்திருக்கிறார், ஆடியோவில் கேட்கும். அப்புறம் "வைவே போன" என்று வைத்துவிட்டார்.

மாமா அதைக் கேட்டார். முதலில் வாயைத் திறந்தபடி இருந்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்துப் பார்த்தார். அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் தோசையைப் பார்த்தேன்.

"நான் பேசல மாப்ள" என்றார்.

"உம்ம நம்பரு அத்தான். உம்ம கொரலு. முப்பது வருசமாக் கேக்கேன், எனக்குத் தெரியாதா?"

மாமா பொடி மட்டையை எடுத்தார், பிரித்தார், போடாமலே மடித்து வைத்துவிட்டார். போகும்போது அடுக்களைப் பக்கம் வந்து, "நல்லாப் படி பேச்சி" என்றார். எனக்குச் சிரிப்பாக வந்தது. அந்த நேரத்தில் படிப்பைப் பற்றி என்ன பேச்சு?

அது மாமா குரல் இல்லை அக்கா.

நான்தான்.

இப்படிப் பார்க்காதீங்க. அப்போது பதினாலு வயசு எனக்கு. உத்திரத்தன்றைக்குப் பெரியவர்கள் எல்லாம் பொங்கல் பானையைச் சுற்றி நிற்கிறார்கள், எங்களுக்கு வெயில், ஈ, ஒன்றும் பொழுதுபோகவில்லை. மாமா போனைத் திருநீற்றுத் தட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு சாமிக்கு அலங்காரம் பண்ணிக்கொண்டிருந்தார். அதில் எப்போதும் நான்தான் பாம்பு கேம் விளையாடுவேன். நாலு பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து "இவங்க மாதிரிப் பேசு, அவங்க மாதிரிப் பேசு" என்றால் நான் என்ன செய்வேன்? ஆவுடையப்பன் ஃபேனில் பேர் எழுதியதை முந்தின நாள்தான் அப்பா வீட்டில் சொல்லிச் சிரித்தார். நம்பர் மாமா போனிலேயே இருந்தது. அடித்தேன். பேசினேன். பிள்ளைகள் வாயில் துணியை அடைத்துக்கொண்டு உருண்டார்கள். அவ்வளவுதான். டிசைன், பதிவு, தை மாதம் முந்தியா மாசி மாதம் முந்தியா, இதெல்லாம் எனக்கென்ன தெரியும்? ஒரு போன் காலைப் பதிந்து வைத்துக்கொள்கிற மனுசனைத்தான் நான் சொல்வேன். அது சரியா? ஒருத்தர் விளையாட்டுக்குப் பேசுவதைப் பதிந்து வைத்து ஒரு வருசம் கழித்து கோர்ட்டில் கொடுக்கலாமா?

எல்லாரும் நம்பினார்கள் அக்கா. கொல்கத்தாவில் ஆபீசர் நம்பினார். ரெண்டு பக்கத்து வக்கீலும் நம்பினார்கள். முப்பது வருசம் கேட்ட எங்க அப்பாவே நம்பினார். நான் ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீங்க. முதல் நாள் எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரி பெருமையாகத்தான் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீங்க. யாரும் என்னைக் கேட்கவில்லை. நிசமாகத்தான். பேச்சி, நீ பேசினாயா என்று ஒருத்தர் கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன். மாமாவைக் கேட்டார்கள், அத்தையைக் கேட்டார்கள், ஆட்டுக்காரரைக்கூட ஒரு தடவை கேட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. கேட்காததை நானாகப் போய் எப்படிச் சொல்வது? அதோடு அப்பாவுக்குக் கேஸ்தான் கவலை. வேறு எதுவும் அவர் மனதில் கிடையாது. கேஸ் ஜெயித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் விட்டுவிட்டேன்.

அத்தை வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. அது அப்பா பண்ணினது, நான் பண்ணவில்லை. தீபாவளிக்கு அத்தை முறுக்குக் கொடுத்துவிட்டாள், அப்பா பாத்திரத்தைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார். போன உத்திரத்துக்கு நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை. தான் போட்ட தரையை அப்பா ரெண்டு வருசமாகப் பார்க்கவில்லை.

அப்புறம் உமா மைனி கல்யாணம். மாமாவுடைய ஒரே பிள்ளை. அப்பாதான் தாய்மாமன். எங்க பக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் பெண் மணவறைக்கு வரும். அத்தை நேரில் வந்து வாசலில் நின்று கூப்பிட்டாள். "ஏ கோமதி, அவுக மேல கோவம்னா அவுகளோட வச்சுக்கோ. புள்ள என்ன செஞ்சா?" அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கல்யாணத்தன்றைக்கு எங்க கல் கம்பெனியில் சும்மா கிடந்த பிரஸ்ஸுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார், காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும். ஒரு பிரஸ்ஸுக்கு எவ்வளவு கிரீஸ் போட முடியும்? அம்மா மட்டும் மண்டபத்துப் பின்வாசல் வழியாகப் போய்விட்டு வந்தாள். எங்க பங்காளி முறையில் ஒரு பெரியவரைப் பிடித்து மாமன் சீர் செய்ய வைத்தார்களாம். மைனி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றதில் முகூர்த்தத்துக்குக் கால்மணி நேரம் தாமதமாம். நான் போகவில்லை. வீட்டில் படம் பார்த்தேன். என்ன படம் என்று ஞாபகம் இல்லை.

அலுத்துப் போச்சு அக்கா. நிசமாகவே.

ஆனால் இன்றைக்கோடு முடிந்துவிடும். போன தடவை நீதிபதி சொன்னார். அவர் குரல் தெரியுமா? எறும்புக்குச் சொல்கிற மாதிரி அவ்வளவு மெதுவாகப் பேசுவார், கோர்ட்டே முன்னால் சாயும். "அந்தப் பூசாரி உயிரோடுதானே இருக்கிறார்? அவரையே வரச் சொல்லுங்கள். ஒரே கேள்வி கேட்கிறேன்." அந்த ஒரே கேள்வி, அது உங்கள் குரலா என்பதுதான். அதற்குத்தான் மாமா வந்திருக்கிறார். அப்பா கூப்பிடவில்லை, வக்கீல்தான் கடிதம் போட்டார்.

நான் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். மாமா என்ன சொல்வார்? இல்லை என்பார். அது உண்மைதானே? ஆடியோ போய்விடும். அதை விட்டால் ஆவுடையப்பனிடம் வேறு ஒன்றும் கிடையாது. அப்பா ஜெயித்துவிடுவார். மாமா மேலும் பழி போய்விடும். நான் ஒன்றுமே சொல்ல வேண்டாம். காலையில் வக்கீல் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன், டிக் டிக்: "ஒரே ஒரு விஷயம் பெரியவரே, இல்லைன்னு சொன்னா அதோட விடமாட்டாங்க. குரலைச் சோதனைக்கு அனுப்பலாம். அன்னைக்கு உங்க போனை யார் யார் தொட்டாங்கன்னு பேர் பேராக் கேப்பாங்க, அந்தப் பிள்ளைங்களையெல்லாம் கூப்பிட்டு விசாரிப்பாங்க. அதுக்கெல்லாம் பயப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்." பார்த்துக்கொள்கிறேன் என்றாரே, எனக்கு அப்பாடா என்று இருந்தது. மாமா தலையை ஆட்டினார். அப்புறம் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. ரயிலில் தூக்கம் கெட்டது போல.

இருங்க அக்கா, மாமா இங்கே வருகிறார். வாங்க மாமா... இல்ல, பசிக்கல... யாருமில்ல, இந்த அக்காவும் கேசுக்கு வந்துருக்காவ... வேண்டாம் மாமா, நீங்க தின்னுங்க... சரி, வைங்க... என்னது?... எதுக்கு மாமா?... கேசு போயிருமே மாமா... மாமா, எதுக்கு?

போய்விட்டார்.

கேட்டதா உங்களுக்கு? கேட்டிருக்காது, காதுக்குள் குனிந்து சொன்னார். பன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார், பாருங்க, ரெண்டு. ஒன்று எனக்கு, ஒன்று அப்பாவுக்காம். நான் வாங்கிய மாதிரி கொடுக்கணுமாம். அவர் வாங்கினது என்றால் அப்பா தின்ன மாட்டார் என்று.

என்ன சொன்னார் என்றால்... "பேச்சி, உள்ள ஐயா கேட்டதும் என் கொரலுதான்னு சொல்லிருதேன். சொல்லிட்டு அப்படியே ரயிலடிக்குப் போயிருவேன். நீ உள்ள வராத. நீ வந்து அந்த மூஞ்சியோட நின்னா கெட்டிக்காரன் எவனும் கண்டுபிடிச்சிருவான். இங்கயே இரு. பன்னத் தின்னு."

கேசு போயிருமே மாமா என்றேன். நீங்கள் பார்த்தீங்கதானே, நான் கேட்டேன்.

"போவும். கல்லு போனா உங்கப்பன் இன்னொண்ணு வரைவான். என்னைய ஏற்கெனவே வெலக்கி வச்சாச்சு, புதுசா என்ன இருக்கு? அவன் பெத்த மக, ஒன் மேல அந்த வெறுப்பு திரும்பிரக் கூடாது, பாத்துக்கிடு."

அவருக்குத் தெரிந்திருக்கிறது அக்கா. வீட்டில் ஆடியோவைப் போட்ட அன்றைக்கே. போனை எடுத்துப் பார்த்தாரே, என்னைப் பார்த்தாரே, அப்போதே தெரிந்துவிட்டது. கல்யாணத்தன்றைக்கும் தெரியும். தாய்மாமன் வரவில்லை என்று சனம் முணுமுணுக்கும்போது, நிசத்தில் யாரால் வரவில்லை என்று அந்த மண்டபத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். வாயைத் திறந்து ஒரு பேர் சொல்லியிருந்தால் போதும். இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தாராம், அம்மா சொன்னாள்.

நான் வீட்டில் படம் பார்த்தேன்.

பலகையில் நம்பர் மாறிவிட்டதா? முப்பத்தெட்டுதானே அது? எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, நீங்க பாருங்க. முப்பத்தெட்டுதான். வக்கீல் கையைக் காட்டுகிறார். மாமா எழுந்துவிட்டார், வேட்டியை உதறிக் கட்டுகிறார். வேகமாக நடக்கிறாரே, ஒருநாளும் அப்படி நடக்க மாட்டார்.

அக்கா, இந்தப் பை இங்கேயே இருக்கட்டும். யாராவது கேட்டால் கல் என்று சொல்லுங்க.

யப்பா. யப்பா, கண்ணத் தொறங்க. உள்ள போவாதிய, இருங்க. மாமா உள்ள போறதுக்கு முன்னால ஒரு சங்கதி சொல்லணும். வக்கீலுக்கு இல்ல, உங்களுக்குத்தான். கேசு இல்லப்பா. கேச விடுங்க. நம்ம உமா மைனி கல்யாணத்துக்கு நீங்க போயிருக்கணும்பா.